அரிசி டப்பாவுக்குப் பின்னாடி ஒரு இடுப்பு பெல்ட்

எனக்குச் சந்தேக புத்தி. பால்காரர் ஊத்துற பாலைக்கூட ரெண்டு தடவை மோந்து பாப்பேன். அப்படிப்பட்டவகிட்ட வந்து, "முதுகு முடியல, தண்ணி நீயே தூக்கிக்க"ன்னு என் வீட்டுக்காரர் சொன்னா உடனே நம்பிடுவேனா?

மரக்காணம் உப்பளத்துல அவருக்கு வேலை. குனிஞ்சு, நீளப் பலகையால உப்பை வாரிக் கரையில சேக்கணும். எங்க வீட்டு அடுப்பு அதுலதான் எரியுது. புதுச்சேரியில காட்டினப்போ எக்ஸ்ரே எடுத்து, அகலமா ஒரு இடுப்பு பெல்ட் கொடுத்தாங்க. பிசியோதெரபி பொண்ணு என் எதிர்லயே தெளிவா சொல்லுச்சு: "வேலை செய்யும்போது மட்டும் போடுங்கண்ணா. வீட்டுல கழட்டிடுங்க. எந்நேரமும் கட்டியிருந்தா முதுகுக்குப் பலம் போயிடும்."

இந்த மனுஷன் தலைகீழா செஞ்சாரு. காலையில பெல்ட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிட்டுப் போவாரு. சாயங்காலம் வந்ததும் எடுத்துக் கட்டிக்கிட்டு, சுவத்துல சாஞ்சு, "அம்மா"ன்னு ஒரு முனகல். ஏன்னு கேட்டா, "உப்புத்தண்ணி பட்டா வீணாயிடும்மா"ன்னு பதில். அடேயப்பா, என்ன அக்கறை! குடத்தைத் தூக்காம இருக்கப் போடுற வேஷம்னுதான் எனக்குப் பட்டுது.

ஒருநாள் சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டாரு. எடுத்துக்கிட்டு உப்பளத்துக்குக் கிளம்பினேன். நெஜத்தைச் சொல்றேன், சாப்பாடு ஒரு சாக்கு. வரப்புல நின்னு பாத்தா, பலகையை இழுத்துக்கிட்டே பக்கத்து ஆளோட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காரு. முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

"ஏன்யா, வீட்டுல பெல்ட்டைக் கட்டிக்கிட்டு முனகல், இங்க வந்து சிரிப்பா? வேலைக்குப் போட்டுக்கன்னு டாக்டர் கொடுத்த பெல்ட்டு வீட்டுல தூங்குது!"

எல்லாரும் திரும்பினாங்க. மேஸ்திரியும்தான்.

"பெல்ட்டா? ஏம்பா, டாக்டர்கிட்ட எல்லாம் போனியா? சொல்லவே இல்லியே?"

மேஸ்திரி குரல்ல கோவம்கூட இல்ல. "நாளைக்கு எதுனா ஆயிட்டா முதலாளிக்கு நான் பதில் சொல்ல முடியாதுப்பா. நீ வீட்டுக்குப் போ. நல்லானதும் வா, பாக்கலாம்."

அப்பதான் எனக்கு உறைச்சுது. இடுப்புல பெல்ட் கட்டின ஆளை எந்த மேஸ்திரி வேலையில வெச்சிருப்பாரு? பாவி, என் வாயாலயே கெடுத்துட்டேன். "சும்மா சொன்னேங்க, அவருக்கு ஒண்ணுமில்ல"ன்னு கெஞ்சினேன். மேஸ்திரி அடுத்த பாத்திக்குப் போயிட்டாரு.

என் வீட்டுக்காரர் பலகையைக் கீழ வெச்சாரு. அதுவரைக்கும் நிமிந்து நின்ன மனுஷன், ரெண்டு கையாலயும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஈர வரப்புலயே உக்காந்தாரு. கண்ணுல தண்ணி நிக்குது.

"இனிமே சிரிக்க வேணாம் இல்ல"ன்னாரு.