மூணு தடவை கூப்பிடட்டும்

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு மக்காச்சோளக் கதிரை இன்னொரு கதிரால் உரசி மணி உதிர்த்துக்கொண்டிருப்பார் பெர்சிதா. கண் மடியில் இருக்கும், காது தெருவில். பக்கத்து மேசையில் ஒரு துணி முடிச்சு. அதற்குள் வீட்டு வரியும் தாமத வட்டியும் தனித்தனி முடிச்சாக ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். வரி கட்டக் கடைசி நாளான மித்ரோவ் திருநாள் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். திஸா ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து, தெருவின் வேலிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்கும். பணம் இருக்கிறது. நகராட்சி அலுவலகமும் சந்தைக்கு அந்தப் பக்கம்தான். ஆனாலும் அம்மையார் எழுந்து போகமாட்டார்.

எங்கள் ஊரில் வீட்டு வரியைத் தாமதிப்பவர்களைச் சட்டம் எடுத்த எடுப்பில் கழுத்தைப் பிடிப்பதில்லை. தாயன்போடு படிப்படியாகத்தான் பிடிக்கும். முதலில் வட்டி. வட்டிக்கு அசையாதவர் வாசலில் தமுக்கு அடித்துப் பெயரைக் கூவுவார்கள். தமுக்குக்கும் அசையாதவரின் பன்றியை ஓட்டிக்கொண்டு போவார்கள். பன்றி இல்லாதவர் வீட்டிலிருந்து இறகு மெத்தை போகும். அப்புறம் வீட்டையே தமுக்கடித்து ஏலம் விடுவார்கள். அதனால்தான் நொடித்துப்போன குடும்பத்தைப் பற்றி, "அவங்க தமுக்குக்குப் போயிட்டாங்க" என்று காசநோயைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்வது இங்கே வழக்கம். அப்படி ஊரே நடுங்கும் தமுக்குக்காகப் பெர்சிதா ஆண்டுதோறும் தலைவாரி, புதுத் தலைத்துணி கட்டி, அடுப்பில் பூசணி அப்பம் வைத்துக் காத்திருப்பார்.

தமுக்குக்காரர் தோஷா வந்து நிற்பார். தெரு ஓரமாக வாய்க்கால் ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன்மேல் ஒரு பலகை. முன்பெல்லாம் பலகையின்மேல் நின்றே அடித்தவர், இப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுகொள்கிறார்.

"பலகை மேல ஏறமாட்டேன், பெர்சாக்கா. போன வருஷம் நான் கூப்பிட்டு முடிச்சதும் எனக்குப் பின்னாடி யாரோ ஏறின மாதிரி வளைஞ்சுது."

"நீ குண்டாயிட்டடா. அவ்வளவுதான். அடி."

தோஷா அடிப்பார். "இலியா மகன் கோஸ்தா பெலின்! வீட்டு வரி பாக்கி!" என்று கூவுவார். இரண்டாவது தடவை கூவ வாயெடுத்தால் பெர்சிதா ஜன்னலைத் தட்டுவார்.

"எங்க ஓடறே? மூச்சு விட்டு, நிதானமாக் கூப்பிடு. கேக்கணும்ல?"

"யாருக்குக்கா கேக்கணும்?"

"உனக்குச் சாராயம் வேணுமா, வேணாமா?"

மூன்று தடவை முழுப்பெயர். மூன்றுக்கும் நடுவே மூச்சு. மூன்றாவதுக்குப் பிறகு பெர்சிதா காதை மறைக்கும் துணியை ஒதுக்கிக்கொண்டு கேட்பார். வாய்க்கால் ஓடும். எங்கோ ஒரு வாத்து கத்தும். வேறொன்றும் இராது. உடனே அவர் முகத்தில், இழுத்துக் கட்டிய கயிறு அவிழ்ந்ததுபோல ஒரு தளர்ச்சி வரும். பலகைமேல் வந்து முடிச்சை நீட்டுவார். கூடவே ஒரு கிண்ணம் பிளம் சாராயம், ஆவி பறக்கும் அப்பம்.

"ஆச்சு. இன்னொரு வருஷம்" என்பார்.

கோஸ்தா பெலின் அவருடைய கணவர். பதினோரு குளிர்காலத்துக்கு முன் உறைந்த ஆற்றின்மேல் சறுக்குவண்டி கட்டிக்கொண்டு, அக்கரையில் ஒரு பீப்பாய் சாராயம் வாங்கப் போனார். குதிரை மட்டும் திரும்பி வந்தது. குளம்பில்கூட ஈரம் இல்லாமல் வந்தது என்பதுதான் ஊருக்கு இன்றுவரை செரிக்காத விஷயம்.

கோஸ்தாவிடம் இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, தன் பெயர் காதில் விழுந்தால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. கோயிலானாலும், சாவு வீடானாலும், சீட்டாட்டமானாலும், "இங்கதான் இருக்கேன், எங்க போயிட்டேன்!" என்று முழங்குவார். வேறு கோஸ்தாவைக் கூப்பிட்டாலும் முந்திக்கொள்வது இவர்தான். இரண்டாவது குணம் வீட்டோடு நின்றது. பெர்சிதா சந்தையிலிருந்து திரும்பினால் உள்ளே இருந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு, "யார் வீடு?" என்று கேட்பார். மூன்று தடவை கேட்பார், மூன்று தடவையும் "உங்க வீடு" என்று சொன்னால்தான் தாழ் விலகும். பனி கொட்டினாலும் மூன்றுதான். ஒரு தை மாதம் குரல் உறைந்து மூன்றாவது பதில் வராமல் போக, பெர்சிதா கோழிக் கூண்டில் படுத்தெழுந்தார். அந்த வீட்டின் பின்கட்டுச் செங்கல் ஒவ்வொன்றும் பெர்சிதா வைக்கோல் போட்டுத் தன் காலால் மிதித்த மண். பத்திரத்தில் இருப்பதோ கோஸ்தாவின் பெயர். குதிரை தனியாகத் திரும்பிய நாளிலிருந்து அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று யாரும் எதையும் கேட்கவில்லை. பெர்சிதாவுக்கு வேண்டியது அந்த மௌனம் ஒன்றுதான்.

"அப்ப செத்துட்டார்னு கோர்ட்டுல எழுதி வாங்கிடேன்" என்று அண்டை வீட்டார் யோசனை சொல்வதுண்டு.

"காகிதம் சொன்னா அவருக்கு எப்படித் தெரியும்? அவர் காகிதம் படிக்கிற ஆளா?"

பாதிரியாரிடமும் போகவில்லை. அவர் உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு பட்டியலும் இறந்தவர்களுக்கு ஒரு பட்டியலும் வைத்து வேண்டுகிறவர். ஆளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? மாற்றிச் சேர்த்தால் பாவம். ஆனால் ஆற்றங்கரைக்காரர்களிடம் ஒரு பழைய முறை உண்டு. காணாமல் போனவனை அவன் வாசலிலேயே, தகப்பன் பெயரோடு, மூன்று தடவை கூப்பிட வேண்டும். வருகிறவன் வருவான், வராதவன் வரமாட்டான். சொந்தக்காரர் கூப்பிட்டால் செல்லாது. அரசாங்கத்து ஆள்தான் கூப்பிட வேண்டும். அரசாங்கத்து ஆளை வாசலுக்கு வரவழைக்க மலிவான வழி, வரியைத் தாமதிப்பது. பெர்சிதா கட்டுவது தாமத வட்டி அல்ல, விசாரணைக் கட்டணம்.

இந்த ஆண்டும் மித்ரோவ் நாள் போயிற்று, பனிமூட்டம் வந்தது, தோஷாவும் வந்தார். கழுத்தில் தமுக்கு இல்லை.

"எங்கடா உன் தமுக்கு?"

"புதுச் செயலர் தோழர் அலமாரியில வெச்சுப் பூட்டிட்டார், பெர்சாக்கா. இனிமே தீயணைப்புக் கோபுரத்து மேல ஒண்ணு வெச்சிருக்கார் பாரு, பூசணிப்பூ மாதிரி, அதுதான் கத்தும். பாக்கிக்காரங்க பேரெல்லாம் இன்னிக்கு அதுலதான்."

"எவ்வளவு தூரம் கேக்கும்?"

"நேத்துச் சோதனை பண்ணாங்க. அக்கரையில மாடு மேய்க்கிறவன் தொப்பியைக் கழட்டிட்டு நின்னானாம், யாரோ பெரியவங்க பேசறாங்கன்னு."

"அக்கரை வரைக்குமா?"

"ஆத்துக்கு அடியில இருக்கிற மீனுக்கே கேக்கும்" என்று தோஷா சிரித்தார்.

பெர்சிதா சிரிக்கவில்லை. தோஷாவின் தொண்டை வாய்க்கால்வரை போகும், வாத்துவரை போகும். அந்தத் தூரத்துக்குள் கோஸ்தா இல்லை என்பது பதினோரு தடவை ருசுவான விஷயம். அதற்கு அப்பால் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. மடியிலிருந்த கதிர்களைத் தரையில் உதறிவிட்டு, முடிச்சைப் பிடுங்கிக்கொண்டு அவர் ஓடினார். பெர்சிதா வரி கட்ட ஓடுகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் ஓடியது.

பெலின் என்ற பெயர் எங்கள் மொழியின் அகரவரிசையில் முன்னாலேயே வந்து நிற்கும். எதிலும் முந்திக்கொள்வது கோஸ்தாவின் வழக்கம்தானே. சந்தையைக் கடக்கும்போது முதல் அழைப்பு வந்தது. "இலியா மகன் கோஸ்தா பெலின்! வீட்டு வரி பாக்கி!" கோபுரம் மூட்டத்துக்குள் மறைந்திருந்ததால் பனியே வாய் திறந்து பேசுவதுபோல் இருந்தது. முட்டைக்கோஸ் விற்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோபுரப் படியில் கால் வைத்தபோது இரண்டாவது. அங்கே சுவரே அதிர்ந்தது. பின்னால் தோஷா, "அக்கா, மெதுவா!" என்று மூச்சிரைக்க ஏறி வந்தார்.

செயலர் ராதிவோய் முன்னேற்றத்தில் தீராத நம்பிக்கை உள்ள இளைஞர். ஒரே ஆளாக மைக்கையும் கல்லாச் சாவியையும் வைத்திருந்தார். பெர்சிதா முடிச்சை மைக்கின்மேலேயே வைத்தார்.

"இந்தா பணம். கூப்பிடாதே."

"தோழர் பெர்சிதா, மூன்றாவது அறிவிப்புக்கு அப்புறம்தான் வசூல். விதி அது."

"விதியை உடைப்புல போடு! வட்டி இருக்கு, வட்டிக்கு வட்டியும் எடுத்துக்கோ. வாயை மட்டும் மூடு!"

"ஒவ்வொரு வருஷமும் நீங்களே மூன்றாவது வரைக்கும் காத்திருக்கீங்களாமே? இப்ப என்ன அவசரம்?" என்றார் ராதிவோய். முடிச்சை நாகரிகமாக நகர்த்திவிட்டு மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். நல்ல குரல் அவருக்கு. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது.

அழைப்பு கூரைகளின்மேல் போயிற்று, நாணல்காட்டைத் தாண்டிற்று, ஆற்றின்மேல் இறங்கிற்று. அப்புறம் ஒன்றுமில்லை. பெர்சிதா துணியை ஒதுக்கிக் காதைத் திருப்பினார்.

ஆற்றின் பக்கமிருந்து, அவசரமே இல்லாமல், உற்சாகமாக, அது வந்தது.

"இங்கதான் இருக்கேன், எங்க போயிட்டேன்!"

தோஷா சிலுவைக் குறி இட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராதிவோய் மட்டும் மலர்ந்தார். ஒலிபெருக்கி வைத்த முதல் நாளிலேயே பாக்கிதாரர் ஒருவர் பதில் சொல்கிறார் என்றால் அது முன்னேற்றம் அல்லாமல் என்ன? மைக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கீங்கல்ல? அப்போ நேரா வீட்டுக்குப் போங்க, தோழர்! பணத்தை எடுத்துட்டு வாங்க!"

"ஐயையோ, யாரு உன்னை வீட்டுக்குப் போகச் சொல்லச் சொன்னா?" பெர்சிதாவின் கை மைக்கை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. சொன்னது சொன்னதுதான். பணத்தை மறுபடி நீட்டினார். "வாங்கிக்கோ. இப்பவாவது வாங்கிக்கோ."

"இனிமே முடியாதே. உரிமையாளர் இல்லாத வரைக்கும் வீட்டு ஆள் கட்டலாம். அவர்தான் இருக்கேன்னு சொல்லிட்டாரே? அவரே வந்து கட்டட்டும்" என்று, முடிச்சை அவிழ்க்காமலே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார் செயலர்.

பெர்சிதா திரும்பி நடந்தார். ஓடவில்லை. பனி இன்னும் தாழ்ந்து, தன் காலே தனக்குத் தெரியாமல் இருந்தது. ஆற்றங்கரைக் கடைசி வீட்டு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அதுவும் நின்றது. அப்புறம் ஆலைக்காரர் வீட்டு நாய். நாய்கள் ஒவ்வொன்றாக, யாரோ தெருவோடு வந்து தலையில் கைவைத்து அடக்குவதுபோல, வரிசையாக அடங்கிக்கொண்டே வந்தன. கோஸ்தாவுக்கு நாய்களிடம் எப்போதும் செல்வாக்கு உண்டு.

பெர்சிதா பலகையைக் கடந்து வீட்டுப் பக்கம் வந்ததும் திரும்பிக் குனிந்தார். ஈரத்தில் ஊறிய கருவேலப் பலகை. இரண்டு ஆண்கள் தூக்கவேண்டியது. அதன் முனையைப் பிடித்து இடுப்பால் இழுத்து இழுத்து, வாய்க்காலின் குறுக்கேயிருந்து பிடுங்கி, கதவுக்கு உள்ளே கொண்டுவந்து போட்டார். கதவைச் சாத்தித் தாழிட்டார். அவருடைய பக்கத்து வீட்டு நாயும் அடங்கியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஈர மண்ணில் ஏதோ வந்து நின்றது.

பெர்சிதா பலகையின்மேல் உட்கார்ந்தார். மேலாடைப் பையில் ஒரு கதிர் தங்கியிருந்தது.

"யார் வீடு?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்காமல், கட்டைவிரலால் மணிகளை உதிர்க்கத் தொடங்கினார். இன்னும் இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது.