சின்ன விரல் தூரம்

கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். தமிழில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ற’ வரும் என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான்.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம், ஒற்றை அறை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அண்ணா அவுஸ்திரேலியாவில், பாலைவனத்துக்குள் இருக்கும் கூபர் பீடி என்ற ஊரில், ஒரு விடுதியில் பாத்திரம் கழுவினார். அவருக்குப் பத்தொன்பது வயது. அம்மாவின் தம்பியான என் மாமாவும் அதே நாட்டில்தான், மவுண்ட் ஐசாவில், சுரங்க வேலையில் இருந்தார். ஒரே நாடு என்பதே அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். யாழ்ப்பாணத்தில் எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் சைக்கிள் போய்வரும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

ஒரு மாரிகாலம், வெளியே பனி கொட்ட, வீட்டின் புகைமணி அலற அலற மிளகாய் வறுத்துத் தூளாக்கி, இருவருக்கும் சேர்த்து ஒரே பொதியாக மாமாவுக்கு அனுப்பினார் அம்மா. மாமா பாதியை அண்ணாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கூட இருந்து ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். மாமாவோ அதைத் தபாலில் போட்டுவிட்டார்.

“தபாலிலையோ? மருமோன் என்னடா பிறத்தியானே?”

“கனதூரம் அக்கா.”

“ஒரு நாட்டுக்குள்ளை என்ன தூரம்?”

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, “உவன் சாட்டுச் சொல்லுறான்” என்றார். நான் பள்ளிக்கூட அட்லசை விரித்து, இரண்டு ஊருக்கும் நடுவில் என் சின்ன விரலை வைத்துக் காட்டினேன். “இவ்வளவுதான் அம்மா.”

அதன் பிறகு மாமா அழைத்தால், அம்மா குளிக்கிறார் என்று நான் சொல்லவேண்டும். அந்த மாரி முழுவதும் அம்மா குளித்துக்கொண்டேயிருந்தார்.

கடைசியில், மாமாவுக்கு டிக்கெட்டைத் தானே எடுத்துக் கொடுத்தால் என்ன சாட்டுச் சொல்வான் பார்ப்போம் என்று, என்னையும் கூட்டிக்கொண்டு பயண முகவரிடம் போனார். தமிழர்தான் அவர். கணினியை வெகுநேரம் தட்டினார்.

“அக்கா, நேர பிளேன் இல்லை. கரைக்கு வந்து, கரையாலை போய், திரும்ப உள்ளுக்கு. மூண்டு பிளேன். பறக்கிறதே ஆறேழு மணித்தியாலம் வரும். காத்துநிக்கிறதோடை ரெண்டு நாளும் போகும்.”

“காரிலை போனா?”

“இஞ்சயிருந்து வினிப்பெக்குக்குப் போறமாதிரி, ரெண்டாயிரம் கிலோமீற்றர் கிட்ட வரும். வழியிலை ஒரு தேத்தண்ணிக்கடையும் இராது” என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. எனக்கோ பெரிய சந்தோசம். பஸ்ஸில், “அப்ப மாமாவிலை பிழையில்லைத்தானே அம்மா?” என்று கேட்டேன்.

“ஓம், அவன் என்ன செய்வான், பாவம்” என்றார். வீட்டுக்கு வந்ததும் தானே மாமாவை அழைத்து, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். பிறகு அட்லசை எடுத்து, என் விரல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே அழத் தொடங்கினார்.

கோபம் தீர்ந்த பிறகு ஏன் அழுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மாமாவோடு கோபித்துக்கொண்டிருந்த வரைக்கும், அம்மாவின் கணக்கில் அண்ணாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்.

எழுதவேண்டும் என்று கனகாலம் நினைத்து, இன்றுதான் எழுதினேன். 2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை.