முதல் பட்டைத் தண்ணீர்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் எனக்குக் கலியாணமான புதிது. உரும்பிராயில் எனக்குச் சீதனமாக வந்த காணியில் கிணறு இல்லை. அயலிலிருந்த பங்குக் கிணற்றில் எங்கள் முறை வருவதற்குள் மிளகாய்க் கன்றுகள் வாடிவிடும். சொந்தக் கிணறு வெட்டியே தீருவதென்று கணவரும் நானும் தொடங்கினோம். அவர் வெட்ட, நான் பனையோலைக் கடகத்தில் கல்லையும் மண்ணையும் மேலே இழுப்பேன்.

ஆளுயரம் தாண்டியதும் முழுப்பாறை. ஒருநாள் காலை அவர் மேலே ஏறி, பாறை பெயர்க்கும் இரும்பு அலவாங்கை எறிந்துவிட்டு வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார்.

"இதுக்குள்ளை தண்ணியில்லை. விடு."

எனக்கு ஆத்திரம். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நானே இறங்கினேன். எங்கள் பக்கம் பெண்கள் அலவாங்கு பிடிப்பதில்லை. மத்தியானம் வரை இடித்தும் பெயர்ந்தது ஒரு தேங்காயளவு கல்தான். உள்ளங்கைகள் கிழிந்துவிட்டன.

"என்ன செய்யிறாய்?" அவர் எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் ஆறுங்கோ. மிச்சத்தை நான் இடிக்கிறன்."

அவர் இறங்கி வந்து அலவாங்கை வாங்கிக்கொண்டார். தண்ணீர் காணும்வரை பிறகு ஓயவில்லை.

புதுக் கிணற்றின் முதல் தண்ணீர் பிள்ளையாருக்குத்தான். அவரோ ஓலைப் பட்டையில் அள்ளிய முதல் தண்ணீரை என் கைகளில் ஊற்றினார். கயிறு இழுத்து ஆறாமல் கிடந்த காயம் சுரீரென்று எரிந்தது.

"உது பிள்ளையாருக்கெல்லே?"

"பிள்ளையார் பாத்துக்கொண்டு நிண்டவர். கிண்டினது நீ."

அவர் இப்போது இல்லை. காயத்தின் தழும்பும் மறைந்துவிட்டது. ஏதாவது வேலையில் மனம் சோரும்போது மட்டும் உள்ளங்கையில் அந்த எரிவு வரும். எழுந்துவிடுவேன்.