கழற்றிய ரேம்

ஒரு ஃப்ரிட்ஜின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றை ஓடவைப்பது அந்த மெக்கானிக்குக் கைவந்த கலை. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தன் கம்ப்யூட்டரில் கார் பந்தய விளையாட்டு திக்கித் திணறியதால், மனைவி போட்டோ ஆல்பம் தயாரிக்கும் கம்ப்யூட்டரிலிருந்து வேகம் தரும் ரேம் அட்டை ஒன்றை அவளுக்குத் தெரியாமல் உருவித் தன்னுடையதில் செருகிக்கொண்டான். இவன் கார் பறந்தது. அவள் கம்ப்யூட்டரோ ஒரு படத்தைத் திறக்கவே முக்கி முனகியது.

"நான்தான் கண்டதையும் சேர்த்து வெச்சுக் கெடுத்துட்டேன் போலிருக்கு," என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். இவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் ரேமைத் திரும்ப மாட்டிவைத்தான்.

வந்து உட்கார்ந்தவள் முகம் மலர்ந்தாள்.

"ஏங்க, இப்ப நல்லா ஓடுது! நம்ம பாப்பாவோட சின்ன வயசுப் படத்தையெல்லாம் மனசைக் கல்லாக்கிட்டு நேத்து அழிச்சேன். வீண் போகலைங்க."