அழுக்குப் பக்கம்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்க மாடியில் குடியிருந்தவர் எப்பவும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கினே இருப்பார். கம்ப்யூட்டரின் ஞாபகம் பக்கம் பக்கமாக இருக்குதாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள குறிப்புகளுக்கு விளக்கம் எழுதுவது அவர் வேலை. புரியலைன்னு ஆபீஸில் மூன்று தடவை திருப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை திரும்பினால் வேலை போய்விடும் என்று, தறியில் நெய்துகொண்டிருந்த என்னிடம் எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"இந்தப் பக்கம் அழுக்குன்னு குறிச்சிருக்குதும்மா."

"தொடச்சிட வேண்டியதுதானேப்பா?"

"ஐயோ, தொடச்சா எழுதினதே போயிடும்! புதுசா எழுதினது, இன்னும் பத்திரப்படுத்தலைன்னு அர்த்தம்."

"நெய்த சேலையை இன்னும் தறியிலேருந்து அறுக்கலை, அவ்வளவுதானே? அதுக்குப் பேர் அழுக்கா? எழுதினா அழுக்குன்னா, நான்தான்பா ரொம்ப சுத்தம். கையெழுத்தைத் தவிர ஒண்ணும் எழுதினதில்லை."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, 'அழுக்கு என்றால் துடைக்காதே' என்று முதல் வரியாக எழுதினார். ஆபீஸில் இந்தத் தடவை விளக்கம் தேறிவிட்டது.

அவ்வளவு படித்தவர்களுக்கு அதையும் சொல்லணுமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.