எலும்புக்கென்று கிண்டிய களி

வலி முதலில் இடுப்பில் வந்தது. பிறகு முழங்காலில், குதிகாலில். என் மனைவி செல்வக்கனி கட்டிலிலிருந்து எழும்போது இரண்டு கையாலும் சட்டத்தைப் பற்றிக்கொண்டு அப்படியே நிற்பாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் செய்த தவறு அந்தப் பொறுக்காமையில்தான் தொடங்கியது. வீட்டில் இப்படி ஒரு நோயாளியை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று காலடிப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் ராயபுரம் போய் டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்வது) செய்துகொள்வாள். அதற்காக இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்து, ஊசி குத்த வாகாகச் செய்த வழி) வைத்திருந்தார்கள். தொட்டால் மடியில் படுத்த பூனையைப்போல் அதிரும்.

உணவு ஆலோசகரான இளம்பெண் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னாள். இளநீர், கீரை, வாழைப்பழம் வேண்டாம். காயை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உளுந்து இட்லியோடு நிற்கட்டும். கருப்பட்டி கூடவே கூடாது. காரணம் பொட்டாசியம். கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியேற்றாது. இரத்தத்தில் கூடினால் இதயம் நின்றுவிடும்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். பொட்டாசியத்தை மண்ணெண்ணெயிலிருந்து இடுக்கியால் எடுத்து நீரில் போட்டு, அது ஊதாச் சுடராக எரிவதை மாணவர்களுக்குக் காட்டியவன். அந்தப் பெண் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் நான் உளுந்து விற்ற குடும்பத்தில் பிறந்தவன். தெற்கிலிருந்து வந்த என் தந்தை யானைக்கவுனியில் மொத்தக் கடை வைத்திருந்தார். பெண் சமைந்தால் களி. பிள்ளை பெற்றவளுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். பக்கவாதம் வந்தவருக்கு உளுந்துத் தைலம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர்கள் எங்கள் கடையில்தான் உளுந்து வாங்குவார்கள். அதைத் திரித்து, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றினால் கல்லாக இறுகும். எலும்பு என்றால் உளுந்து. எங்களுக்கு அது கேள்வி கேட்கத் தேவையில்லாத விஷயம்.

கருப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, கொஞ்சம் பச்சரிசி சேர்த்துத் திரித்தேன். கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை கிண்டினேன்.

"எனக்கு இது ஆகாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே" என்றாள் செல்வக்கனி.

"ஒரு உருண்டைதானே. இடுப்புக்கு நல்லது. எங்க குடும்பத்துல இதைத் தின்னு யாரு கெட்டா?"

"உங்க குடும்பத்துல யாருக்கு கிட்னி போச்சு?" என்று சிரித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அந்த வாரம் முழுவதும் காலையில் ஓர் உருண்டை கொடுத்தேன். வலி குறைந்திருக்கிறது என்றாள். எனக்காகச் சொன்னாளோ என்னவோ. சனிக்கிழமைக்குப் பிறகு செவ்வாய் வரை இயந்திரம் இல்லை. அந்த இடைவெளியில்தான் எல்லாம் உடம்பில் சேரும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு உருண்டை கேட்டாள், கொடுத்தேன்.

திங்கள் முற்பகல் அடுப்படி வாசலில் சுவரோடு சரிந்தாள். "கால் வர மாட்டேங்குதுங்க" என்றாள். ஆட்டோவில் ஏற்றும்போது அவள் கை என் தோளில் நிற்கவில்லை, நழுவியது.

அவசரப் பிரிவில் அவள் இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தி மீட்டார்கள். அப்போது விலா எலும்புகள் இரண்டு முறிந்தன. எலும்புக்கென்று களி கிண்டியவன் திரைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

பொட்டாசியம் மிக அதிகம் என்றார் அவளை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர். "இளநீர், பழம், கீரை ஏதாவது குடுத்தீங்களா சார்?"

"எதுவும் இல்லை" என்றேன். அவர் பெயர் சொல்லிக் கேட்ட எதையும் நான் கொடுக்கவில்லை. அந்தச் சந்துக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் அவர் கவலையோடு வந்தார். சாப்பாடு காரணமில்லை என்றால் ஃபிஸ்டுலாவில் அடைப்பு இருக்கலாம்; இரத்தம் சரியாகச் சுத்தமாகவில்லை என்று பொருள். உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். "இப்ப அவங்க இருக்கிற நிலைமையில அதுவும் ஆபத்துதான். ஆனா காரணம் தெரியாம விட முடியாது சார்." முறிந்த விலாவோடு அவள் மேசையில் மல்லாந்து கிடக்க வேண்டும்.

வெளியே நடைபாதையில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள். அவள் கணவருக்கும் இங்கேதான் டயாலிசிஸ்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது? ஆயா கண்ணு முய்ச்சிச்சா இல்லியா?"

விழித்துவிட்டாள் என்றேன்.

"அப்பறம் இன்னா? எங்க ஆளு போன மாசம் எனக்குத் தெரியாம எளநி குட்ச்சிட்டு கம்முனு பட்துகினு இருந்தான். நேரா டாக்டராண்ட போட்டுக் குட்துட்டேன். ஒரு வாரம் எங்கூடப் பேசல. பேசாட்டி போயேன்! மூச்சு வுட்டுகினு கீறான் இல்ல, அது போதும்."

சிரித்துக்கொண்டே தூக்குச் சட்டியைத் திறந்து எனக்கு இட்லி நீட்டினாள். நான் நேராக மருத்துவரின் அறைக்குப் போனேன்.

களியைப் பற்றி முழுவதும் சொன்னேன். எவ்வளவு உளுந்து, எவ்வளவு கருப்பட்டி, எத்தனை நாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேத்தே ஏன் சார் சொல்லல?"

"வெட்கமாக இருந்தது."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "அவங்க எலும்பு வலி சத்துக் குறைவால இல்ல சார். பாஸ்பரஸ் சேர்ந்து எலும்பை அரிக்குது. உளுந்துல அதுவும் இருக்கு. வலிக்குன்னு நீங்க குடுத்தது வலியையும் கூட்டியிருக்கும்" என்றார். குழாய் விடும் ஏற்பாட்டை நிறுத்தினார்.

செல்வக்கனியிடமும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. "எங்கிட்ட கேட்டிருந்தா நானும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். உங்களைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிருமே" என்றாள். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

உளுந்தின் மேல் நான் பழி போடவில்லை. நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள் வயிறாரச் சாப்பிடலாம். ஆனால் நோய் வந்த உடம்பு நாம் அறிந்த பழைய உடம்பு அன்று. நேற்றுவரை மருந்தாக இருந்தது இன்றும் மருந்து என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. தீர்மானித்துவிட்டால், மருத்துவர் கேட்கும்முன் சொல்லிவிடுங்கள். வெட்கம் உங்களுடையது, உயிர் அவர்களுடையது.

வீட்டுக்கு வந்து சில மாதங்களாகின்றன. விலா கூடிவிட்டது. ஆனால் அவளால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தட்டை வைத்தால் இப்போதெல்லாம் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கிறாள். தெரிந்து செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு ஞாயிறும் திங்களும் மற்றவர்களின் ஞாயிறு திங்கள் அல்ல. அவை நீளமானவை. அந்த இரண்டு நாளும் அவளருகே அமர்ந்து வலது மணிக்கட்டில் நாடி பார்க்கிறேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இவ்வளவு காலம் இருக்கிறது என்பது எனக்கு இந்த வயதுவரை தெரியாது.

நேற்றும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எண்ணாதீங்க. சும்மா பிடிச்சுக்கிடுங்க" என்றாள்.