நான் அழித்த கோப்பும் அவள் கழட்டாத பிளக்கும்

பன்வில பக்கம் ஒரு டிஸ்பென்சரி. அங்கே நோயாளர் பதிவுகள் இருக்கும் கொம்பியூட்டரைக் கண்டியில் என் மேசையிலிருந்தே பார்த்துக்கொள்வேன். முன்பு அதில் விண்டோஸ் இருந்தது. பாவனையில் உள்ள கோப்பை அழிக்கப் போனால் முடியாது என்று முரண்டு பிடிக்கும். எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அந்தச் சனியனே வேண்டாம் என்று லினக்ஸுக்கு மாற்றினேன். லினக்ஸ் மரியாதை தெரிந்தது. அழி என்றால் அழிக்கும், ஏன் என்று கேட்காது.

அன்று பிற்பகல் பழைய பிரதிகளை அழித்துத் துப்புரவு செய்தேன். அதே கையோடு உண்மையான தரவுத்தளக் கோப்பையும் அழித்துவிட்டேன். வேலையில் நான் அவ்வளவு சுத்தம்.

ஒரு வழி இருந்தது. கோப்பின் பெயர்தான் போயிருந்தது. அதைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் ஓடும்வரை உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துவிடலாம். நின்றால் பன்னிரண்டு வருடப் பதிவும் போச்சு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது உட்பட.

பிரதி பாதி ஆகியிருக்கும், பதிவு மேசையில் இருக்கும் பிள்ளை கோல் எடுத்தாள்.

"சார், இங்க இடி இடிக்குது. பிளக்க கழட்டப் போறேன்."

அது டொக்டரின் கட்டளை. முன்பொரு கொம்பியூட்டர் மின்னலில் கருகியிருந்தது.

"வேணாம் தங்கச்சி, சின்ன அப்டேட் ஒண்ணு போகுது."

"அத நாளைக்குப் போடுங்க சார். டொக்டர் ஏசுவாரு."

"ஐயோ, கழட்டாதீங்க! பதிவெல்லாத்தையும் நான் அழிச்சிட்டேன். இப்ப நின்னா திரும்ப வராது."

"எல்லாமேவா சார்?"

"எல்லாமே."

"சரி, கழட்டல. ஃபோன ஸ்பீக்கர்ல வைக்கிறேன். முடிஞ்சதும் சொல்லுங்க."

பிரதி முடிந்தது. திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன், டொக்டரின் குரல் கேட்டது.

"இடி காதுல விழலயா? ஏன் இன்னும் கழட்டல?"

"ஒரு நிமிசம் டொக்டர். நான்தான் ஒண்ணு டைப் பண்ணிக்கிட்டு இருந்தேன்," என்றாள் அவள்.

"நாளைக்கு வேலைக்கு வர நெனப்பில்லையா?"

"ஒரே நிமிசம் டொக்டர்."

அவள் என் வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். முடிந்துவிட்டது என்று ஒரு சொல் போதும். சொன்னால் என்ன முடிந்தது என்று டொக்டர் கேட்பார். எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அவரே வந்து பிளக்கைப் பிடுங்கினார். "ஐயோ!" என்று அவள் கத்தியது கேட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.